மின்சாரக் கார் கேபிளை வீட்டில் எங்கே, எப்படி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு, ஜெலுத்தோங்கில் எங்களுடையது சாதாரண லிங்க் ஹவுஸ், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. போர்ச்சில் ஒரு கார்தான் நிற்கும். மிச்ச இடத்தைச் செருப்பு ஷெல்ஃப், மாமியாரின் துளசிச் செடி, என் மோட்டார் சைக்கிள், பையனின் சைக்கிள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மின்சாரக் கார் வந்த அன்று அந்தக் கூட்டத்தில் ஐந்து மீட்டர் கேபிளும் வந்து சேர்ந்தது. கார் வாங்கும்போது பேட்டரியைப் பற்றி அறிவுரை சொல்லாத ஆளே இல்லை. கேபிளை எங்கே மாட்டுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது சொந்தத்திலோ எங்கள் தாமானிலோ (குடியிருப்புப் பகுதி) யார் மின்சாரக் கார் எடுத்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். மறுபடி மறுபடி வரும் கேள்விகள் இவை.

முதலில், எந்தக் கேபிளைப் பற்றிப் பேசுகிறோம்? எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, மூன்று வகை உண்டு. ஒரு முனையில் நம் வீட்டு மூன்று பின் 13 ஆம்பியர் பிளக், நடுவில் செங்கல் போல ஒரு பெட்டி, மறுமுனையில் காரில் செருகும் டைப் 2 தலை: இது முதல் வகை. பலரும் இதை 'கிரானி' என்கிறார்கள். 10 ஆம்பியரில் ஓடினால் ஏறத்தாழ 2.3 கிலோவாட். இரவு பத்து மணி நேரம் போட்டால், இழப்பு போக 20 யூனிட் ஏறும். தினமும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது தாராளம்.

இரண்டு முனையிலும் டைப் 2 தலை உள்ள தனிக் கேபிள் இரண்டாவது வகை. சாக்கெட் மட்டும் உள்ள வால்பாக்ஸுக்கும் (வீட்டுச் சுவரில் பொருத்தும் சார்ஜர் பெட்டி) வெளியிடத்து ஏசி (மாறுமின்) சார்ஜர்களுக்கும் இது வேண்டும். மூன்றாவது, வால்பாக்ஸிலேயே நிரந்தரமாக ஒட்டியிருப்பது. அதைக் கழற்ற முடியாது. ஒற்றை ஃபேஸ் வீட்டில் 32 ஆம்பியர் வால்பாக்ஸ் 7.4 கிலோவாட் கொடுக்கும்.

வைக்கும் முறையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிரானியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நடுப்பெட்டியைப் பிளக்கில் தொங்கவிடக் கூடாது. பெட்டியின் கனம் முழுவதும் பிளக்கின் கழுத்தில் இறங்கி, பின்கள் சாக்கெட்டுக்குள் லேசாகச் சாய்ந்துவிடும். சாய்ந்த இடத்தில் பிடிப்பு குறையும், பிடிப்பு குறைந்த இடத்தில் சூடு ஏறும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் துளையில் ஓர் ஆணி, அல்லது கீழே ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான்.

தோட்டக் குழாய் மாதிரி தரையில் சுருட்டிப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

நான் பார்த்த வரை கேபிளைக் கெடுப்பது மின்சாரம் அல்ல, தரைதான்.

டைப் 2 தலையில் ஏழு பின் உண்டு. மேலே இரண்டு சின்னது, கீழே ஐந்து பெரியது. தலை தரையில் கிடந்தால் முதலில் மணல் போகும். மணலோடு காரில் செருகினால் பின்னின் மேல்பூச்சைச் சுரண்டும், கார் பக்கத்துப் பின்னையும் சேர்த்து. அப்புறம் தண்ணீர். வெள்ளிக்கிழமை காலை போர்ச்சைக் கழுவிக் கோலம் போடாத வீடு நம்மில் எத்தனை? தலைக்குச் சொல்லியிருக்கும் நீர்த் தடுப்பு பெரும்பாலும் காரில் செருகியிருக்கும்போது உள்ள கணக்கு. மூடியில்லாமல் தரையில் கிடக்கும் தலைக்கு அது பொருந்தாது. ஜெலுத்தோங் மாதிரி கடல் ஓர இடத்தில் உப்புக் காற்று வேறு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பின்னில் பச்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

பிறகு ஜீவராசிகள். எறும்பு, பல்லி, கரப்பான் எல்லாம் சரி, நான் எதிர்பார்க்காதது குளவி. மண் குளவிக்கு விரல் நுழையும் ஓட்டை எதுவாக இருந்தாலும் வீடுதான். ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்து பார்த்தால், மூடி போடாமல் விட்ட தலைக்குள் களிமண் வைத்துக் கட்டியிருந்தது. "குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், கலைக்காதே" என்றார் மாமியார். எனக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூங்கில் பல்குச்சியால் அரைமணி நேரம் நோண்டி எடுத்தேன். அன்றிலிருந்து மூடி போடாமல் விட்டதில்லை.

இதெல்லாம் போக, தரையில் கிடக்கும் கேபிள் மேல் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கார் ஏறும். ஒரு தடவை ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே செம்பு இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக அறும். தலை மேல் ஏறினால் உடனே தெரியும், விரிசல் விட்டுவிடும்.

எதில் மாட்டுவது? விலை உயர்ந்த ரீல் வாங்க வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. மேலிருந்து தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் கருவிகள் பார்க்க அழகு. ஆனால் இருபத்திரண்டு அடி அகல வீட்டுப் போர்ச்சில் அதற்குத் தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சின்ன ரீல் இன்னும் மோசம். அதன் உருளை சிறியது, கேபிள் அதில் முறுகிப்போகும்.

தேவை இரண்டு பொருள். ஒன்று, வளைந்த அகலமான கொக்கி. மெல்லிய ஆணியில் மாட்டினால் முழுக் கனமும் ஒரே இடத்தில் தொங்கி அந்த இடம் நசுங்கும். இன்னொன்று, தலையைச் செருகி வைக்க ஒரு டம்மி சாக்கெட். மின்சாரத் தொடர்பு எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் கூடு அது. தலை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி அதைப் பொருத்தினால், தப்பித்தவறித் தண்ணீர் பட்டாலும் வடிந்துவிடும்.

கொக்கிக்குப் பதில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய வாளி. படுக்கை வாட்டில் வைத்து, அடிப்பாகத்தைச் சுவரில் மூன்று ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டேன். கேபிள் வாளியைச் சுற்றி வரும், வாளிக்குள் தலை மூடியும் துடைக்கும் துணியும் கிடக்கும். வாளியின் வளைவு கேபிளுக்குச் சரியான அளவு. பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். என் மனைவி அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டாள்.

சுவரில் வெறும் சிமெண்டுப் பூச்சைப் பிடித்து நிற்கும்படி ஸ்க்ரூ போடாதீர்கள். செங்கல் வரைக்கும் துளைத்து, பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்க வேண்டும். கேபிள் பார்ப்பதைவிடக் கனம். 32 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் கேபிளில் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் கம்பி மூன்று ஓடும். ஐந்து மீட்டருக்குச் செம்பு மட்டுமே 800 கிராம் வரும். மூன்று ஃபேஸ் என்றால் ஐந்து கம்பி, 1.3 கிலோவுக்கு மேல். உறையும் தலைகளும் தனி.

எவ்வளவு உயரத்தில்?

நெஞ்சு உயரம். குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் போர்ச் தாண்டி ஹாலுக்குள் தண்ணீர் வந்த வீடுகள் எத்தனையோ. உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கறை எந்த உயரத்தில் இருந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். கிரானியின் பெட்டி அதற்கு மேலே இருக்கட்டும்.

மேற்குப் பார்த்த வீடென்றால் மாலை வெயில் விழும் சுவரைத் தவிர்க்கவும். நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் தொங்கினால் உறை வெளுத்து, விறைத்து, பிறகு வெடிக்கும்.

சுருட்டும்போது கேபிள் பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. என்ன செய்ய?

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே சுற்றுகிறீர்கள், சரிதானே? கொடிக் கயிறு சுற்றும் பழக்கம் அது. அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிளுக்குள் ஒரு முறுக்கு ஏறுகிறது. பத்து சுற்றுக்குப் பத்து முறுக்கு. அவிழ்க்கும்போது அத்தனையும் சேர்ந்து சுருளாக எழுந்து நிற்கும், அதை இழுத்து நேராக்கப் பார்ப்பீர்கள், உள்ளே கம்பி நெளியும்.

கல்யாண மண்டபத்தில் மைக் செட் போடுகிறவர்களைக் கவனியுங்கள். முதல் வளையத்தைச் சாதாரணமாகப் போடுவார்கள். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டைத் திருப்பி, கேபிள் உள்பக்கமாக வரும்படி போடுவார்கள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. ஒன்றில் ஏறிய முறுக்கை அடுத்தது எடுத்துவிடும். கை பழக இரண்டு நாள் ஆகும். பிறகு ஒரு முனையைப் பிடித்து வீசினால் நேராக விழும்.

வளையத்தின் அகலம் தாம்பாளத் தட்டு அளவுக்குக் குறைய வேண்டாம். இறுக்கி முடிச்சுப் போடுவது, மெல்லிய கயிற்றால் நெரித்துக் கட்டுவது இரண்டும் கூடாது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை போதும்.

ஐந்து மீட்டரில் இரண்டு மீட்டர்தான் தேவை. மீதியைச் சுருட்டியபடியே சார்ஜ் போடலாமா?

கொக்கியில் தளர்வாகத் தொங்கினால் போடலாம். பைக்குள் திணித்தோ, நெருக்கமாகச் சுற்றியோ போடக் கூடாது.

சுருட்டினால் காந்தமாகிச் சூடேறும் என்று சிலர் சொல்வது சரியல்ல. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே உறைக்குள் ஓடுவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அடித்துவிடும். உண்மையான காரணம் சாதாரணமானது: சூடு வெளியே போக வழியில்லை. கணக்குப் போட்டால் 32 ஆம்பியர் ஓடும் ஐந்து மீட்டர் கேபிள் மொத்தமாக 30 வாட்டுக்குச் சற்று அதிகமாகச் சூட்டை வெளியிடும். நீட்டிப் போட்டால் அது ஒன்றுமே இல்லை. அதே 30 வாட்டை ஒரு பைக்குள் அடைத்து ஏழு மணி நேரம் வைத்தால் வேறு கதை.

கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்கத் தோன்றினால் சரியில்லை.

எக்ஸ்டென்ஷன் போட்டுக் கிரானியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஈப்போவில் அத்தை வீட்டுக்குப் போனேன், பிளக் எட்டவில்லை, ஒரே ஒரு ராத்திரிதானே என்று என்னிடம் கெஞ்சியவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் சில நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டு, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். எக்ஸ்டென்ஷனின் சாக்கெட்டும் அதன் மெல்லிய கம்பியும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உருகவும் கூடும்.

பழைய வீட்டின் சுவர் சாக்கெட்டையும் நம்பிவிட வேண்டாம். முதல் அரைமணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் காரில் ஆம்பியரைக் குறையுங்கள், அல்லது நிறுத்திவிட்டு வெளியே போய் சார்ஜ் போடுங்கள். சொந்த வீட்டில் தினமும் போடப் போகிறீர்கள் என்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது உங்கள் வேலை.

மழையில் சார்ஜ் போடலாமா? இடி இடித்தால்?

மழையில் போடலாம். செருகிய தலைக்குள் சாதாரண மழை போகாத மாதிரிதான் செய்திருக்கிறார்கள். கிரானியின் மூன்று பின் பிளக்கும் சுவர் சாக்கெட்டும் மட்டும் நனையக் கூடாது.

கேபிள் காரிலிருந்து வால்பாக்ஸுக்கு நேராக ஏறாமல், நடுவில் தொய்ந்து கீழே இறங்கி மேலே போகட்டும். கேபிள் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும்.

இடி வேறு. தூரத்தில் முழங்கும்போதே கழற்றிவிடுவது நல்லது. வீட்டுக்கு மேலேயே மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேபிளைத் தொடப் போகாதீர்கள், இருக்கிறபடி இருக்கட்டும். புதிதாக வால்பாக்ஸ் வைப்பவர்கள் இடித் தடுப்பும் சேர்த்துப் போடச் சொல்லி வயர்மேனிடம் கேளுங்கள்.

காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறோம். கேபிளைக் கேட்டுக்கு அடியில் விடலாமா?

இதில்தான் எனக்கு நஷ்டம். தங்கை குடும்பம் வந்திருந்தது, அவர்கள் கார் உள்ளே, நம் கார் வெளியே. கேபிளை ஆட்டோ கேட்டின் அடியில் விட்டிருந்தேன். விடியற்காலை மச்சான் ரிமோட்டை அழுத்தினார். கேட்டின் சக்கரம் தண்டவாளத்தில் வந்து கேபிளை நசுக்கிவிட்டது. கறுப்பு உறை கிழிந்து உள்ளே நீலமும் பழுப்பும் தெரிந்தன. டேப் சுற்றிப் பயன்படுத்தலாமா என்று மனசு கேட்டது. கேட்கும்தான், விலை அப்படி. தூக்கிப் போட்டேன். மச்சானை ஒன்றும் சொல்லவில்லை.

அடியில் விட்டே ஆக வேண்டுமென்றால் தண்டவாளம் இல்லாத பக்கமாக, கேட்டின் மோட்டாரை நிறுத்திவிட்டு விடுங்கள். கேட்டுக்கு வெளியே கால்வாய் ஓரமும் ரோடும் பொது இடம். ஆள் நடக்கும் வழியில் குறுக்கே கேபிள் போட்டு யாராவது தடுக்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். முடிந்தவரை உறவுக்காரர் காரை வெளியே விடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் கேபிளின் தலைக்குள் விரல் விட்டால்?

காரில் செருகாத தலையில் மின்சாரம் இருக்காது. காரும் சார்ஜரும் அந்தச் சின்னப் பின்கள் வழியாக ஒன்றையொன்று அறிந்துகொண்ட பிறகுதான் உள்ளே தொடர்பு மூடும். ஆகவே அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். கிரானியில் சுவரிலிருந்து பெட்டி வரையுள்ள துண்டில் மட்டும் எப்போதும் மின்சாரம் உண்டு. சார்ஜ் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். பிள்ளைகளால் கேபிளுக்கு வரும் ஆபத்துதான் அதிகம். என் பையன் அதைக் கொண்டு கயிறு தாண்டப் பார்த்தான்.

வெளியே தொங்கவிட்டால் திருடிக்கொண்டு போவார்களா?

செம்பு என்றால் கை வைக்க ஆள் உண்டு. சார்ஜ் ஆகும்போது கார் தலையைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சார்ஜ் முடிந்ததும் தானாக விடும் கார்களும் உண்டு. உங்கள் கார் எப்படி என்று அமைப்பில் பாருங்கள், பூட்டியே வைக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வால்பாக்ஸ் சாக்கெட் வகையென்றால் கேபிளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடலாம். கேட்டிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில் கொக்கி அடிக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

எத்தனை மீட்டர் வாங்குவது?

காருக்கு எங்கே வாய் இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்லாவுக்குப் பின்னால் இடது பக்கம், முந்தைய நிசான் லீஃபுக்கு மூக்கில், பிஒய்டி ஆட்டோ 3-க்கு முன்னால் வலது பக்கம். வழக்கமாக எப்படி நிறுத்துவீர்களோ அப்படி நிறுத்தி, ஒரு கயிற்றை வால்பாக்ஸிலிருந்து தரை வரை இறக்கி, காரைச் சுற்றிக் கொண்டுபோய் அளந்து, அதற்கு மேல் ஒரு மீட்டர். பெரும்பாலும் ஐந்து போதும். "இருக்கட்டுமே" என்று பத்து மீட்டர் வாங்கினால் தினமும் அந்தக் கனத்தைச் சுருட்டப் போவது நீங்கள்.

இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று 20 ஆம்பியர் கேபிள் வாங்காதீர்கள். தலைக்குள் ஒரு சின்ன மின்தடை இருக்கிறது. 220 ஓம் என்றால் 32 ஆம்பியர், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர். வால்பாக்ஸ் அதைப் படித்து அதற்கு மேல் மின்சாரம் விடாது.

காரின் பூட்டிலேயே (பின்பக்கச் சாமான் அறையில்) வைத்துக்கொள்ளலாமா?

தனிக் கேபிளை வைக்கலாம், ஒரு பைக்குள். ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள், மூடிய பூட்டில் ஈரத் துணி நாற்றம் எப்படி என்று தெரியும்தானே. பூட்டில் மீன் வாங்கி வருகிறவர்கள் பையைத் தனியாக வைக்கவும்.

நாங்கள் இருப்பது பிளாட்டில், மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாக இறக்கலாமா?

வேண்டாம். முழுக் கனமும் ஜன்னல் விளிம்பில் தொங்கும், கீழே யார் வீட்டுப் பிள்ளை இழுக்கும் என்று தெரியாது. நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் அசையும் வரை வெளிச் சார்ஜர்தான்.

எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

உறைக்கு ஈரத் துணி. தலைக்குக் காய்ந்த துணி. மண்ணெண்ணெய், தின்னர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பின்னுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தூசியைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் பலன்.

தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். அன்றைக்கு என்ன செய்வது?

முந்தின இரவே சார்ஜை முடித்துவிட்டுக் கேபிளை உள்ளே எடுத்து வையுங்கள். போர்ச்சில் மேசை, நாற்காலி, ஐம்பது ஜோடிச் செருப்பு. மத்தாப்புப் பொறி வேறு.

வரிச் சலுகை உண்டா?

வீட்டில் சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவுக்குத் தனிநபர் வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு, 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை. ரசீதை ஏழு வருடம் பத்திரமாக வையுங்கள். வாளிக்குக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

உறை கிழிந்து உள்நிறம் தெரிந்தால், தலையில் விரிசல் விழுந்தால், பின் கறுத்திருந்தால், கருகிய வாசனை வந்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சூடாக இருந்தால். இதில் ஏதாவது ஒன்று போதும். சார்ஜ் நடுவில் அடிக்கடி நின்று நின்று ஓடினாலும் கேபிளை ஒரு முறை சந்தேகப்படுங்கள். டேப் ஒட்டுவது தீர்வல்ல.

போடும்போது குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரிக்காரர் செம்பென்றால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார். கொடுப்பதற்கு முன்பு இரண்டு தலையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். நான் அப்படியே முழுசாக நீட்டியபோது, "நல்லாத்தானே இருக்கு, என் மருமகன் கார் வாங்கியிருக்கான், அவனுக்குக் கொடுக்கிறேன்" என்றார். கேட் நசுக்கிய இடத்தைக் காட்டி, அவர் கண்ணெதிரிலேயே வெட்டிக் கொடுத்தேன்.